படியூர் எறக்கம்

சிவன்மலைப் பிரிவிலிருந்து படியூருக்கு
மொத்தம் எத்தனை கரண்டுக் கம்பம் என்று
என்னைக் கேட்டால் சொல்வேன்.
படியூரில் வேறு யாராவது இறங்கினால் நானும் இறங்குவேன்.
யாரும் இறங்காத ராத்திரிகளில்
என் வீட்டைத் தாண்டி நானே போவதை
ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன்.
‘எறக்கமுங்க.’
ஒரே ஒரு சொல்.
அதைத் தொண்டையில் வைத்துக்கொண்டு
அடுத்த ஆள் இறங்கும் இடம் வரை.
பிறகு நடை.

ஒன்பது வருசம்.

திருப்பூரில் ஒரு கம்பெனியில் செக்கிங்.
ஆயிரம் பனியனில் ஒரு தையல் விட்டிருந்தாலும்
என் விரல் கண்டுபிடித்துவிடும்.
மனுசர்களும் என்னை அப்படித்தான் பார்க்கிறார்கள்
என்று நினைத்திருந்தேன்:
டேபிள் மேல் விரித்து, லைட்டுக்கு அடியில்,
பிசிறு தேடி.

எங்கள் பக்கத்துப் பேச்சு
‘ங்க’ போடாமல் முடியாது.
எனக்கு வாக்கியமெல்லாம் போய்
‘ங்க’ மட்டும் மிஞ்சியிருந்தது.
நல்ல பையன், அதிர்ந்து பேச மாட்டான் என்றார்கள்.
அந்த நல்ல பேருக்குள்தான்
இத்தனை நாள் நோய் ஒளிந்திருந்தது.

அத்தை மகள் கல்யாணத்தில் மொய் டேபிள்.
எழுதுகிறவர் தலை தூக்காமல்
‘ஊரு? பேரு?’ என்றார்.
பின்னால் இருபது பேர்.
என் பேர் எனக்கு வரவில்லை.
கவரை வைத்துவிட்டு வெளியே வந்து
வாசல் வாழைமரத்துக்குப் பின்னால் நின்று
யாரும் கூப்பிடாத போனைக் காதில் வைத்து
‘ம்... ம்... சரிங்க’ என்று பேசினேன்.
அந்த நோட்டில் என் ஐந்நூறு
இன்னும் பேரில்லாமல் கிடக்கிறது.

இது சுபாவமில்லை, வைத்தியமுள்ள ஒரு நோய் என்றவர்
ரெஜினா மேடம். பல்லடம் ரோட்டில் மாடியறை,
கீழே வெல்டிங் பட்டறை.
சொல்ல வேண்டியதைத் துண்டுச்சீட்டில் எழுதி நீட்டினேன்.
படித்துவிட்டு அதிலேயே பதில் எழுதிக் கொடுத்தார்.
மூன்றாம் வாரம் பேசினேன்.

டாக்டர் தந்த மாத்திரை தனி.
காலையில் அரை, பிறகு ஒன்று.
அது பயத்தை எடுத்துவிடவில்லை,
வால்யூமைக் கொஞ்சம் குறைத்தது.

டெலிவரி சலான் பின்பக்கத்தில்
பயங்களுக்கு மார்க் போடச் சொன்னார் மேடம்.
பேக்கரியில் சர்க்கரையில்லாமல் டீ கேட்பது, முப்பது.
(எனக்குச் சர்க்கரை பிடிக்காது.
பதினைந்து வருசமாகக் குடிக்கிறேன்.)
பஸ்ஸில் அந்தச் சொல், தொண்ணூறு.
மொய் டேபிளுக்கு நூற்றிருபது போட்டேன்.
நூறுக்கு மேல் கிடையாது என்றார்.
‘இருக்குதுங்க’ என்றேன்.
அவரை நான் எதிர்த்துச் சொன்ன முதல் வார்த்தை.
சிரித்துக்கொண்டே அதற்கு ஒரு டிக் அடித்தார்.

பேக்கரியில் வேண்டுமென்றே சில்லறையைக் கொட்டச் சொன்னார்.
எல்லோரும் பார்ப்பார்கள் என்று
முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டுக் கொட்டினேன்.
ஒரு நாய் பார்த்தது.
மாஸ்டர் பாய்லரைத் திறந்துகொண்டே
‘பெஞ்சுக்கடியில ஒண்ணு கெடக்குது பாருங்’ என்றார்.
அவ்வளவுதான்.
அவ்வளவுதான் என்பதை நம்ப
எட்டுத் தடவை கொட்ட வேண்டியிருந்தது.

போன புதன், ஒன்பதே முக்கால் பஸ்.
போனைக் காதில் வைக்கக் கூடாது என்று ஒப்பந்தம்.
பெட்ரோல் பங்க் தாண்டியதும்
உள்ளங்கை நனைந்தது, நெஞ்சுக்குள் விசைத்தறி.
‘எறக்கமுங்க.’

கண்டக்டருக்குக் கேட்கவில்லை.

கேட்டுவிடும் என்றுதான் இத்தனை வருசப் பயம்.
கேட்காமல் போகலாம் என்று
ஒரு நாளும் யோசித்ததில்லை.

இரண்டாம் தடவை குரல் என்னை மீறி வந்தது,
உடைந்து, பன்னிரண்டு வயசுப் பையனுடையதாக.
‘மொதல்லயே சொல்றதுக்கென்னங்க’ என்று விசிலடித்தார்.
முன்சீட்டு அம்மா திரும்பினார்.
ஜன்னலை மூடிக்கொண்டார். குளிர் போல.

ஸ்டாப் தாண்டி நாலு கம்பம்.
கால் நடுங்கிக்கொண்டேதான் நடந்தேன்.
சலானில் தொண்ணூறை அடித்து எழுபது என்று எழுதி,
பிறகு அதை எண்பதாக்கினேன்.

தை மாசம் அத்தையின் சின்ன மகளுக்குக் கல்யாணம்.
தண்ணித் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று
சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன்:
படியூரு. சென்னியப்பன்.

‘யாருங்க அது?’ என்றது
இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்.
கை போனைத் தேடியது.
தேடட்டும் என்று விட்டுவிட்டு
இன்னொரு தடவை சொன்னேன்.